வாசல்படி வீட்டுப் பிள்ளை

கூடாரத்துறை இராயப்பர் கோயிலின் பழைய கல்தொட்டியிலிருந்து, இருநூறு இருநூற்றைம்பது வருஷங்களுக்கு முன்னால் ஞானஸ்நானம் பெற்ற பிள்ளைகள் ஒவ்வொன்றாக நனைந்தபடி எழுந்து வந்த வருஷத்தில், எங்கள் ஊரில் துண்டுக்குத்தான் பெரிய தட்டுப்பாடு. அந்த வருஷம் சாளை மீன் கொள்ளையாகப் பட்டது, ஐஸ் லாரிக்காரன் விலையை ஏற்றினான், பெரிய புயல் ஒன்று வந்து தெற்குத் தெருவில் பாதி ஓடுகளைத் தூக்கிக்கொண்டு போனது, எல்லாம் நடந்ததுதான். ஆனால் இன்றைக்கும் யாராவது அந்த வருஷத்தைப் பற்றிக் கேட்டால் நாங்கள் துண்டிலிருந்துதான் தொடங்குவோம்.

காரணம் கேட்பவர்களுக்குச் சொல்ல எங்களிடம் அதிகம் இல்லை. புயல் கோயிலின் வடமூலையில் ஓடுகளைப் பெயர்த்தது, அந்த மூலையில் கிடந்த பழைய ஞானஸ்நானத் தொட்டியில் யாரோ வளர்த்த குரோட்டன்ஸ் செடியை மண்ணோடு பிடுங்கி எறிந்தது, பிறகு மழையால் அதை விளிம்புவரை நிரப்பியது. பீடத்துக்குப் பக்கத்தில் பளிங்கில் புதுத் தொட்டி வந்தபிறகு பழையதை யாரும் கண்டுகொள்வதில்லை. அதன் அடியில் ஓட்டை இருப்பது ஊருக்கே தெரியும். ஓட்டைத் தொட்டியில் தண்ணீர் நின்றது. அதற்கே நாங்கள் ஆச்சரியப்பட்டிருக்க வேண்டும், ஆனால் தலைக்கு மேல் கூரை இல்லாத வாரத்தில் தொட்டியைப் பற்றி யோசிக்க யாருக்கு நேரம்.

லியோன் மச்சாது கொழும்பிலிருந்து வந்தது அந்த வாரத்தில்தான். துறைமுகத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர், ஒரு முழங்காலுக்குத் தைலமும் மறு முழங்காலுக்குப் பட்டியுமாக வந்து இறங்கியவர், தன் முன்னோர் இந்தத் துறையிலிருந்துதான் தோணி ஏறினார்கள் என்று தகப்பனார் சொல்லக் கேட்டதை ஒரு தடவை எழுத்தில் பார்த்துவிட்டால் போதும் என்றார். பங்குச்சாமியார் அருள்வளன் இரும்பு அலமாரியிலிருந்து பழைய ஞானஸ்நானப் புத்தகத்தைத் தூக்கிவந்தார். மின்சாரம் இல்லை, வெளிச்சம் இருந்த ஒரே இடம் ஓடு பெயர்ந்த அந்த மூலை, ஆகவே தொட்டியின் விளிம்பில் புத்தகத்தைச் சாய்த்து வைத்துக்கொண்டு, போர்த்துக்கீசு எழுத்தை ஒவ்வொன்றாகக் கூட்டி, தமிழில் சத்தமாகச் சொன்னார்: சுவாம் மச்சாதுவுக்கும் அவர் மனைவி இனாசியாவுக்கும் பிறந்த மகன் பஸ்கால், ஞானத்தகப்பன் இன்னார், ஞானத்தாய் இன்னாள். சொல்லி முடிக்கவும் தண்ணீர் அலம்பியது, பஸ்கால் எழுந்து வந்து அழுதார்.

“ஐயோ சாமி, பிள்ளை நனையுது!” என்றார் லியோன்.

“தலையைப் பிடிங்க, முதல்ல தலையைப் பிடிங்க!” என்றார் சாமியார்.

லியோன் தலையைப் பிடித்தார், முழங்கால் மடங்கியது, நல்ல வேளையாகக் கடலிலிருந்து நேரே கோயிலுக்கு மீன் காணிக்கை கொண்டுவந்திருந்த விசைப்படகு முதலாளி இஞ்ஞாசி ரோட்ரிகோ ஓடிவந்து பிள்ளையை வாங்கித் தோளில் போட்டார். ஊரே திரும்பிப் பார்க்கும்படி கத்திக்கொண்டிருந்த பிள்ளை, உப்புப் பூத்துக் கிடந்த அவருடைய தோளில் வாயை வைத்துச் சப்பியதும் அடங்கியது. அப்போதுதான் சாமியார் நெற்றியில் அடித்துக்கொண்டார்.

“பழைய முறையில பிள்ளை நாக்குல உப்பு வைப்பாவ. நாமதான் அதை விட்டுட்டோம். இவரு பழைய ஆளு, உப்புக்குக் காத்துக் கெடந்திருக்காரு.”

பிறகு லியோன் தன் துண்டால் பிள்ளையைத் துவட்டினார். தலையைத் துவட்டி, கழுத்து மடிப்பைத் துவட்டி, கால் விரல்களுக்கு வந்தபோது துண்டில் பிள்ளை இல்லை. “போயிட்டார் சாமி,” என்றார் லியோன். “சூடு மட்டும் இருக்கு.” அந்தத் துண்டை மடிக்காமல் நெஞ்சோடு வைத்துக்கொண்டு, தன் பாட்டனுக்குப் பாட்டனுக்குப் பாட்டனைத் தூக்கிய மனுஷன் உலகத்தில் வேறு யார் இருப்பார்கள் என்று சொல்லிச் சொல்லி அழுதார். அது சந்தோஷ அழுகை.

இதெல்லாம் நடந்த அன்று சாயங்காலமே கோயிலில் வரிசை நின்றது. இப்படியும் நடக்குமா என்று ஒருவரும் கேட்கவில்லை. எங்கள் வீட்டுப் பெயர் எந்தப் பக்கத்தில் இருக்கிறது என்றுதான் கேட்டோம். ஒரு பெயருக்கு ஒரு தடவைதான் பிள்ளை வரும் என்பதும், ஈரம் காயும்வரைதான் இருக்கும் என்பதும், வெயிலில் கொண்டுபோனால் சீக்கிரம் போய்விடும் என்பதும் பட்டுத் தெரிந்துகொண்டோம். ஈரத்தை விட்டுவைத்துக் கொஞ்ச நேரம் கூட வைத்துக்கொள்ள நினைத்தவர்களும் உண்டு, ஆனால் பிள்ளை நடுங்கத் தொடங்கியதும் எந்தக் கல்நெஞ்சுக்காரனும் துண்டை எடுத்துவிடுவான். சாமியார் தன் பங்குக்கு ஒரே ஒரு கட்டளை போட்டார்: “ஞானஸ்நானம் ரெண்டாம் தடவை கிடையாது. இவுக ஏற்கெனவே வாங்கினவுக. நாம துவட்ட மட்டும்தான் செய்யணும்.” ஆயர் இல்லத்திலிருந்து விசாரிக்க வந்தவருக்குத் தாய்வழிப் பூட்டன் இந்த ஊர் என்று தெரிந்தது, அவர் நனைந்த அங்கியோடு சிரித்த முகமாகத் திரும்பிப் போனார், அதன்பிறகு அங்கிருந்து ஒரு கேள்வியும் வரவில்லை.

எங்களுக்கு இருந்த ஒரே சிக்கல் மரியாதைச் சிக்கல். பிறந்த பிள்ளையை அது இது என்று சொல்வதா, பூட்டனுக்கும் ஓட்டனுக்கும் மூத்தவரை அவர் இவர் என்று சொல்வதா? “பெரிய பாட்டா என் சேலையில மூத்திரம் பெய்ஞ்சிட்டாவ,” என்று பெண்கள் பெருமையோடு சொல்லிக்கொண்டு நடந்தார்கள். கடனுக்கும் குடிக்கும் பேர்போன ஆட்கள்கூட, தங்கள் வம்சத்தின் முதல் ஆளை மடியில் வைத்து, அவருடைய குண்டு மணி விரல்களை விரித்து விரித்துப் பார்த்தபோது, நீர் பிழைத்துக் கிடந்ததால்தானே நான் இருக்கிறேன் என்று சொல்லிக் காலைத் தொட்டு முத்தினார்கள், முத்தம் கொடுப்பதை நாங்கள் அப்படித்தான் சொல்வோம். இதைச் சொல்ல எங்களுக்கு வெட்கம் இல்லை. அந்த மாதங்களில் நாங்கள் நன்றாக இருந்தோம்.

இராயப்பர் பெருநாள் வாரத்தில் பிறக்கிற ஆண் பிள்ளைக்கெல்லாம் இராயப்பன் என்று பெயர் வைப்பது எங்கள் ஊர் வழக்கம், அன்றும் அதுதான் வழக்கம். அதனால் புத்தகத்தில் ஒரு பக்கம் முழுக்க இராயப்பன், தகப்பன் பெயரும் இராயப்பன். இஞ்ஞாசி ரோட்ரிகோவும் அவர் மனைவி செலஸ்தீனாவும் தங்கள் இராயப்பனை வாங்கி, குடை பிடித்துக் கரைக்குக் கொண்டுபோய், படகைக் காட்டி, வலையைக் காட்டி, இரண்டு தெருவும் சுற்றிக் கொஞ்சித் தீர்த்து, துவட்டி அனுப்பிய பிறகு சாமியார் அடுத்த வரியைப் பார்த்து நாக்கைக் கடித்தார். இவ்வளவு நேரம் அவர்கள் கொஞ்சியது மச்சாது வீட்டு இராயப்பனை. வலை காயப்போடும் இடத்துக்காக அப்பன் காலத்திலிருந்து பேச்சுவார்த்தை இல்லாத வீடு. செலஸ்தீனா ஈரத் துண்டை உதறிக்கொண்டே, “முத்துனது முத்துனதுதான், திருப்பியா எடுக்க முடியும்?” என்றாள். அந்த வாரமே இரண்டு வீட்டு வலையும் ஒரே மணலில் காய்ந்தது.

இத்தனை பிள்ளைகளுக்கும் வெள்ளைத் துண்டு வெட்டி ஓரம் அடித்துக் கொடுத்தவள் எமரென்சி. கோயிலுக்கு எதிரே தையல் மிஷின் போட்டிருப்பவள், ஐம்பதை நெருங்கியவள், கல்யாணம் ஆகாதவள். தகப்பன் கஸ்பார் இறந்தபிறகு அந்த வீட்டில் அவள் மட்டும்தான். அவர்கள் வீட்டை நாங்கள் வாசல்படி வீடு என்போம். மற்ற எல்லோருக்கும் பெயருக்குப் பின்னால் மச்சாது, ரோட்ரிகோ, கொரைரா என்று ஒரு குடும்பப் பெயர் இருக்கும், அவர்களுக்கு இல்லை. அவர்களுடைய முதல் ஆளை யாரோ துணியில் சுற்றிக் கோயில் வாசல்படியில் போட்டுவிட்டுப் போனார்களாம். அதைச் சொல்லி யாரும் அவர்களை வைதது கிடையாது. ஆனால் அவர்கள் வீட்டில் யாரும் எங்கள் பிள்ளைகளுக்கு ஞானத்தாயாக நின்றதும் கிடையாது, பூசையில் அவர்கள் எப்போதும் வாசலையொட்டிய கடைசி பெஞ்சில்தான் உட்காருவார்கள், அங்கே உட்காரச் சொன்னது யார் என்று யாருக்கும் தெரியாது. எமரென்சி எங்களில் எவரையும் முறை வைத்துக் கூப்பிட்டதில்லை. இஞ்ஞாசி அவளுக்கு முதலாளி, செலஸ்தீனா முதலாளியம்மா, நாங்களெல்லாம் ஐயா, அம்மா.

முதல் வாரத்திலேயே அவள் சாமியாரிடம் போய்க் கேட்டிருக்கிறாள்.

“சாமி, வாசல்படியில கெடந்த பிள்ளையும் அந்தப் புஸ்தகத்துல உண்டா?”

“உண்டு எமரென்சி. பார்த்தேன்.”

“எனக்கு வேற ஒண்ணும் வேண்டாம் சாமி. அந்தப் பிள்ளைய யாராவது தூக்குனாவளான்னு மட்டும் தெரியணும். எங்கப்பா சாகிற வரைக்கும் அதைத்தான் கேட்டாரு. யாராவது ஆசையாத் தூக்கியிருப்பாவளா எமரென்சி, இல்ல அப்படியே நனைச்சு அப்படியே எழுதிப் போட்டாவளான்னு. எனக்குப் பிறகு கேக்க ஆள் இல்ல பாருங்க.”

சாமியார் அவளை வரிசையில் நிற்கச் சொன்னார். அவளும் நின்றாள். ஆனால் அவள் முறை வரும்போதெல்லாம், “ஏளா எமரென்சி, எங்க பாட்டாவுக்குத் துண்டு முடியலியே, சட்டுனு அடிச்சுத் தாயேன்,” என்று ஒருத்தி வந்து நிற்பாள், எமரென்சியும் சரி என்று மிஷினுக்குப் போய்விடுவாள், திரும்பி வரும்போது வரிசை நீண்டிருக்கும். நாங்கள் நல்லவர்கள்தான். நல்லவர்களுக்கும் வரிசையில் முன்னால் போய் நிற்கத் தெரியும்.

எழுந்து வருகிற ஒவ்வொரு பிள்ளையும் தன் உடம்பில் கொஞ்சம் தண்ணீரைக் கொண்டு போனது. கிணற்றுத் தண்ணீர் ஊற்றிப் பார்த்தோம், அது ஓட்டை வழியே தரைக்குப் போயிற்று. புயல் மழைத் தண்ணீர் மட்டுமே நின்றது. மச்சாதுகள் முடித்தார்கள், ரோட்ரிகோக்கள் முடித்தார்கள், கொரைராக்கள் தாய்வழி தகப்பன்வழி இரண்டையும் முடித்து, பெண் கொடுத்த வழியில் தேடத் தொடங்கினார்கள். ஒரு ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து செலஸ்தீனா தன் அம்மா வழியில் ஒரு கிழவியைப் பிள்ளையாகக் கேட்பதற்காகத் தொட்டியருகே போனவள், உள்ளே எட்டிப் பார்த்தாள். அடியில் ஒரு கையளவு தண்ணீர் கிடந்தது. அவள் திரும்பி எங்களைப் பார்த்தாள், பிறகு கடைசி பெஞ்சைப் பார்த்தாள். அங்கே எமரென்சி, செலஸ்தீனாவின் கிழவிக்காகக் கொடுத்த துண்டில் கையாலேயே ஓரம் தைத்துக்கொண்டிருந்தாள்.

“எல்லாரும் தள்ளுங்க,” என்றாள் செலஸ்தீனா. “நமக்கு மூளை எங்கடே போச்சு?”

எமரென்சியைக் கையைப் பிடித்து அழைத்து வந்தார்கள். அவள் ஊசியைக்கூட வைக்காமல் வந்து நின்றாள். சாமியார் பக்கத்தைத் திருப்பி, தொண்டையைச் சரிசெய்துகொண்டு படித்தார். கோயில் வாசல்படியில் கிடைத்த பிள்ளை. தாய் தகப்பன் தெரியாது. பெயர் இருந்த இடத்தைப் பூச்சி தின்றிருந்தது. பிள்ளையைத் தூக்கி நிற்க வேண்டிய ஞானத்தகப்பன், ஞானத்தாய் என்ற இடத்தில் அவர் வெகுநேரம் விரலை வைத்திருந்தார்.

“ஒண்ணும் எழுதல, எமரென்சி.”

தண்ணீர் அசையவில்லை. எமரென்சி தலையை ஆட்டினாள். “அப்ப யாரும் தூக்கல,” என்றாள். “சரி சாமி. தெரிஞ்சுபோச்சு.” தெரிந்துபோனதை எங்கே வைப்பது என்று தெரியாதவளாகத் துண்டை மடித்து மடித்துச் சின்னதாக்கினாள். பெற்றவர் பெயர் சொல்லித்தான் மற்ற பிள்ளைகளெல்லாம் வந்தார்கள். இந்தப் பிள்ளையை யார் பெயர் சொல்லிக் கூப்பிடுவது?

அப்போது இஞ்ஞாசி ரோட்ரிகோ, கூட்டத்தில் பேச எழுந்தால் உட்காரவே மாட்டார் என்று நாங்கள் கேலி செய்கிற மனுஷன், மிக மெதுவாகச் சொன்னார்.

“சாமி, அந்தக் காலத்துல இந்த ஊரைச் சுத்தி என்ன உண்டு? இந்தப் பக்கம் கடலு, அந்தப் பக்கம் தேரிக்காடு. பச்சைப்பிள்ளையைத் தூக்கிட்டு அந்த மணல்ல எந்த ஊர்க்காரி நடந்து வருவா? போட்டவ நம்ம ஊருக்காரிதான். நம்ம வீட்டுப் பொண்ணுதான். எந்த வீடுன்னு தெரியாது, அவ்வளவுதான்.”

இத்தனை தலைமுறையாக, பிள்ளையைப் படியில் போட்டுவிட்டுப் போனவள் எங்கே போனாள் என்று நாங்கள் ஒருநாளும் கேட்டதில்லை. அவள் எங்கேயும் போகவில்லை. நாலு வீடு தள்ளி ஏதோ ஒரு வீட்டுக்குள் போய்க் கதவைச் சாத்தியிருக்கிறாள், அந்த வீட்டில் பிறந்தவர்கள்தான் இங்கே நிற்கிறோம்.

“எங்க வீடுன்னு எழுதிக்கிடுங்க சாமி,” என்றார் இஞ்ஞாசி.

“அதெப்படி உங்க வீடு? எங்க வீட்டுல பொண்ணு இல்லியா?” என்றார் ஒரு கொரைரா.

“எங்கட வீடும்தான்,” என்றார் லியோன் மச்சாது. அவர் இன்னும் கொழும்புக்குப் போகவில்லை. விசாவை நீட்டிக்கொண்டே இருந்தார்.

எங்க வீட்டுப் பிள்ளை, எங்க வீட்டுப் பிள்ளை என்று கோயிலே இரைந்தது. சாமியார் கையை உயர்த்தி, “அத்தனை பேரையும் நான் எந்த இடத்துல எழுத?” என்று கேட்டுவிட்டு, அந்தப் பெரிய இரைச்சலுக்குள் சின்னக் குரலில், ஞானஸ்நானத்துக்கு வருகிற எல்லோரிடமும் கேட்கிற கேள்வியைக் கேட்டார்.

“இந்தப் பிள்ளைக்கு என்ன பெயர்?”

நாங்கள் எமரென்சியைப் பார்த்தோம். அவளுக்குத் தெரிந்த ஒரே பெயரை, தகப்பன் பெயரை, அவள் சொன்னாள்.

“கஸ்பார்.”

ஒரு கையளவுத் தண்ணீர் அலம்பியது, அதற்குள்ளிருந்து எப்படி வந்தது என்று கேட்காதீர்கள், ஒரு பிள்ளை எழுந்து வந்தது, பார்த்தால் பெண் பிள்ளை. அந்த வீட்டின் முதல் ஆள் ஆண் என்றே நாங்களும் அவர்களும் நினைத்திருந்தோம். அவளைக் கட்டிப் பெயர் கொடுக்க ஒருவரும் முன்வராததால்தானா அவர்களுக்குக் குடும்பப் பெயர் இல்லாமல் போயிற்று என்று இப்போது யோசிக்கிறோம். அன்றைக்கு யோசிக்க நேரமில்லை. கஸ்பாரம்மாள் என்று நின்ற இடத்திலேயே திருத்திக்கொண்டோம்.

எமரென்சி தூக்கினாள். இத்தனை பிள்ளைகளுக்குத் துண்டு தைத்தவள் ஒரு பிள்ளையையும் தூக்கியதில்லை என்பது, அவள் தூக்கிய விதத்தில் எங்களுக்குத் தெரிந்தது. இஞ்ஞாசி, எத்தனை குளித்தாலும் உப்புப் போகாத தன் தோளைச் சுரண்டி ஒரு பொடி உப்பை எடுத்து நீட்டினார், எமரென்சி அதைப் பிள்ளையின் நாக்கில் வைத்தாள், பிள்ளை அழுகையை நிறுத்தி அவளைப் பார்த்தது. “தூக்கிட்டேன், இல்ல?” என்றாள் எமரென்சி. “தூக்கிட்டேன். இந்தா, தூக்கிட்டேன்.”

தொட்டி காய்ந்துவிட்டது. இதுதான் கடைசிப் பிள்ளை என்று எல்லோருக்கும் தெரிந்தது. இஞ்ஞாசிக்குப் பொறுக்கவில்லை. “நான் ஓடிப்போய்க் கடல் தண்ணி கொண்டாரேன். ஈரம் காயாம வச்சுக்கோ. இன்னும் கொஞ்ச நேரம் வச்சுக்கோ தாயி.”

பிள்ளையின் கீழுதடு நடுங்கத் தொடங்கியது.

“வேண்டாம் அண்ணே,” என்றாள் எமரென்சி. “பிள்ளைக்குக் குளுருது.” பிறகு செலஸ்தீனாவைப் பார்த்து, “மதினி, அந்தத் துண்டை எடுங்க,” என்றாள்.

அண்ணே என்றாள், மதினி என்றாள். செலஸ்தீனா கீழே கிடந்த துண்டை எடுத்து, மடிப்பை உதறி விரித்துக் கொடுத்தாள். எமரென்சி தலையைத் துவட்டினாள், கழுத்தைத் துவட்டினாள், முதுகைத் துவட்டினாள், மற்றவர்கள் விட்டுவிட்ட காது மடலின் பின்பக்கத்தையும் துவட்டினாள். துண்டு இலேசானது. அவள் அழவில்லை, நாங்கள்தான் அழுதோம், லியோன் எல்லோரையும்விடச் சத்தமாக அழுதார்.

அதற்குப் பிறகு எமரென்சிக்கு நிம்மதியே இல்லை. ஊரில் எந்த வீடு அவளுக்குச் சொந்தம் என்று தெரியாததால் எல்லா வீடும் சொந்தமாகிவிட்டது. சீலா மீன் வாங்கினால் ஒரு துண்டு அவளுக்கு, கல்யாணத்துக்கு முதல் தாம்பூலம் அவளுக்கு, புருஷனோடு சண்டை போட்டுக்கொண்டு கிளம்புகிறவர்கள் போய் உட்காருவது அவள் வீட்டில். “நேத்து வரைக்கும் எனக்கு ஆளே இல்ல, இன்னைக்கு ஒரு சட்டைக்குக் காஜா எடுக்க விடமாட்டேங்கிய,” என்று எங்களை ஏசுவாள், ஏசிக்கொண்டே காப்பி போடுவாள். ஞாயிற்றுக்கிழமை கடைசி பெஞ்சில் உட்காருவதற்கு இப்போது சண்டை நடக்கிறது, ஏனென்றால் அவள் இன்னும் அங்கேதான் உட்காருகிறாள்.

அடுத்த வருஷம் இஞ்ஞாசியின் மகனுக்குப் பெண் பிள்ளை பிறந்தது. பளிங்குத் தொட்டியில் ஞானஸ்நானம். ஞானத்தாய் எமரென்சி. பெயர் என்ன என்று சாமியார் கேட்டதும், பிள்ளையின் அம்மா தன் காதில் சொல்லிக்கொடுத்தபடியே, “ஷெரின் கஸ்பாரம்மாள்,” என்று எமரென்சி சொன்னாள். தண்ணீர் ஊற்றினார்கள், பிள்ளை கோயில் அதிரக் கத்தியது. சாமியார், இனி நடப்பதைத் தான் பார்க்கவில்லை என்பதுபோல, புது ஓடு சரியாகப் போட்டிருக்கிறார்களா என்று கூரையை உற்றுப் பார்க்கத் தொடங்கினார். எமரென்சி முந்தி முடிச்சை அவிழ்த்து ஒரு உப்புப் பொடியை எடுத்துப் பிள்ளையின் நாக்கில் வைத்தாள், பிள்ளை சப்பிக்கொண்டு அடங்கியது.

பிறகு அவள் வெள்ளைத் துண்டை எடுத்தாள். எங்கள் ஊரில் நனைந்த பிள்ளையைத் துவட்டுவதைப் பார்த்துக்கொண்டிருக்க அன்றைக்கு ஒருவருக்கும் தைரியம் இல்லை, செலஸ்தீனா கண்ணை மூடிக்கொண்டாள். எமரென்சி தலையைத் துவட்டினாள், கழுத்தைத் துவட்டினாள், காது மடலின் பின்னால் துவட்டினாள், கால் விரல் ஒவ்வொன்றாகத் துவட்டினாள், மூச்சைப் பிடித்துக்கொண்டு துண்டை விலக்கினாள்.

பிள்ளை இருந்தது.